மண்டபத்தில் இருந்து விட்ட பிறகு: போராட்ட வழக்கை வருடக்கணக்கில் நடத்துவது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் மறியல் என்றால் என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் தண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தோடு பெண்கள் ரோட்டில் உட்காருவார்கள். அல்லது கல்குவாரி லாரியை ஊரே சேர்ந்து மறிக்கும். அல்லது பட்டா கேட்டு தாலுகா ஆபீஸ் வாசலில் கூட்டம் கூடும். இன்ஸ்பெக்டர் பேசிப் பார்ப்பார், தாசில்தார் வருவார், கலையவில்லை என்றால் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் இறக்குவார்கள். மதியம் சாப்பாடு வரும். சாயங்காலம் விட்டுவிடுவார்கள். வீடு வந்து சேர்ந்தவர்கள் அதோடு முடிந்தது என்று படுத்துவிடுகிறார்கள்.

முடியவில்லை. மண்டபத்தில் ஒரு ஏட்டு நீள நோட்டை வைத்துக்கொண்டு பெயர், தகப்பனார் பெயர், வயது, ஊர், போன் நம்பர் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கியிருப்பார். அந்த நோட்டில் உள்ள வரிசைதான் முதல் தகவல் அறிக்கையில் (எஃப்ஐஆர்) முதல் எதிரி, இரண்டாம் எதிரி என்று ஏ1, ஏ2, ஏ3 ஆக இறங்குகிறது. அதன்பின் இரண்டு மூன்று வருடம் சத்தமே இருக்காது. ஒருநாள் ஸ்டேஷனில் இருந்து போன் வரும்: "கோர்ட்டுல சம்மன் வந்திருக்கு, வந்து வாங்கிக்கங்க." அதற்குள் பாதிப் பேர் வேலைக்கு பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போயிருப்பார்கள். இயக்கங்களில் இருந்து ஆட்கள் ஒதுங்குவது பெரும்பாலும் ஜெயிலுக்குப் பயந்து இல்லை. வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட்டுவிட்டு அலைந்து, வீட்டில் பேச்சு வாங்கி, அலுத்துப்போய்த்தான் ஒதுங்குகிறார்கள். ஆகவே வழக்கு தானாக முடியட்டும் என்று இருக்கக் கூடாது. வழக்கை நாம்தான் கையில் எடுத்து நடத்த வேண்டும். அதற்கான வேலை மண்டபத்தில் இருந்து விட்ட அன்றிரவே தொடங்குகிறது.

முதலில் உங்கள் தரப்பில் ஒரு பட்டியல் வேண்டும். யார் யார் வேனில் ஏற்றப்பட்டார்கள், எந்த மண்டபம், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே, பொறுப்பு அதிகாரி யார், யாருக்காவது அடிபட்டதா, யார் போன் பறிக்கப்பட்டது என்று அன்றே எழுதித் தேதி போட்டு வையுங்கள். அன்று ஊரிலேயே இல்லாதவர் பெயரும் வழக்கில் சேர்வது உண்டு. தலைவர் என்று தெரிந்தால் போதும், ஏ1 ஆக்கிவிடுவார்கள். அப்படிப்பட்டவருக்குத் தேவையான ஆதாரம் வெகு சீக்கிரம் அழிந்துபோகும். கிருஷ்ணகிரி டோல்கேட்டையோ தொப்பூர் பாளையம் டோல்கேட்டையோ கடந்திருந்தால் அந்த ஃபாஸ்டேக் பதிவு, வேலை செய்யும் இடத்தின் வருகைப் பதிவேடு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் டிக்கெட் எல்லாவற்றையும் அந்த வாரமே நகல் எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் எஃப்ஐஆரைத் தேடுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் மாவட்டம், நிலையம், வருடம் கொடுத்துப் பார்க்கலாம். பதிவான 24 மணி நேரத்துக்குள் எஃப்ஐஆரை இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. பாலியல் குற்றம், தீவிரவாதம் போன்ற வழக்குகளுக்குத்தான் விலக்கு. இணையத்தில் இல்லை என்றால் வழக்கறிஞர் மூலம் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நகல் மனு போட்டு வாங்குங்கள். எஃப்ஐஆரில் "மற்றும் பலர்" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சார்ஜ் ஷீட் (போலீஸின் இறுதி அறிக்கை) போகும் வரை யாரை வேண்டுமானாலும் அதில் நுழைக்கலாம். அதனால் பெயர் வராதவர்களும் ஆவணத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

அடுத்து பிரிவுகளைப் படிக்க வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்த சம்பவம் என்றால் இந்திய தண்டனைச் சட்டம், அதற்குப் பின் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா. வழக்கமாக வருபவை இவை: சட்டவிரோதக் கூட்டம் 143, இப்போது 189(2), கலவரம் 147, இப்போது 191(2), வழிமறித்தல் 341, இப்போது 126(2), அரசு ஊழியர் உத்தரவை மீறியது 188, இப்போது 223, ஆபாசமாகத் திட்டியது 294(பி), இப்போது 296, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது 353, இப்போது 132, கொலை மிரட்டல் 506(2), இப்போது 351(3). பஸ் கண்ணாடி உடைந்தது என்றால் 1992ஆம் வருடத்துப் பொதுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் சேரும்.

எல்லாப் பிரிவும் ஒரே கனம் இல்லை. ரோட்டில் உட்கார்ந்ததற்கு மட்டும் 143, 188, 341 என்று போட்டால் அது சின்ன வழக்கு. 143க்கு அதிகபட்சம் 6 மாதம், 341க்கு 1 மாதம்தான் தண்டனை. இப்படி ஒரு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு, சம்பவம் நடந்து 1 வருடத்துக்குள் வழக்கு கோர்ட்டுக்குப் போயாக வேண்டும். 3 வருடம் வரை தண்டனை உள்ளதற்கு 3 வருடம். அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பே கிடையாது. பல பிரிவுகள் சேர்ந்திருந்தால் எதற்குத் தண்டனை அதிகமோ அதை வைத்துத்தான் காலத்தைக் கணக்கிடுவார்கள். இது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 468, அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 514. உட்கார்ந்து கோஷம் போட்டதற்குக் கூட 506(2) சேர்ந்துகொள்வது ஏன் என்று இப்போது விளங்கும். அந்தப் பிரிவுக்கு 7 வருடம் வரை தண்டனை, ஆகவே வழக்கு எத்தனை வருடம் தூங்கினாலும் சாகாது. எஃப்ஐஆரைப் பார்த்ததும் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த வழக்கை உயிரோடு வைத்திருக்கும் பிரிவு எது, அதற்கு ஆதாரம் என்ன காட்டியிருக்கிறார்கள் என்பதுதான்.

188க்குத் தனியாக ஒரு பலவீனம் உண்டு. அந்தப் பிரிவில் போலீஸ் எஃப்ஐஆர் போட்டு சார்ஜ் ஷீட் கொடுக்க முடியாது. உத்தரவு போட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலானவரோ எழுத்து மூலம் கோர்ட்டில் புகார் கொடுத்தால்தான் மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுக்கலாம். ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இதைத் தெளிவாகச் சொன்னது. அமைதியாகக் கூடிக் கோரிக்கை எழுப்பிய கூட்டத்தைச் சட்டவிரோதக் கூட்டம் ஆக்க முடியாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. போராட்ட வழக்கு எடுக்கும் எந்த வழக்கறிஞரும் இந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பார். உங்கள் வழக்கறிஞர் வைத்திருக்கவில்லை என்றால் நீங்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்.

கைதும் ஜாமீனும்

7 வருடம் வரை தண்டனை உள்ள வழக்கில் உடனே கைது செய்யத் தேவையில்லை. முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். பழைய 41ஏ, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 35(3). நோட்டீஸ் வந்தால் கட்டாயம் போக வேண்டும். போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்வார்கள். போய்வந்ததற்கு அத்தாட்சியாக நோட்டீஸின் நகலில் தேதியோடு கையெழுத்து கேளுங்கள். 60 வயதைத் தாண்டியவரை, 3 வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள வழக்கில், டிஎஸ்பியின் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்று புதிய சட்டம் சொல்கிறது. ஊர்ப் போராட்டங்களில் முன்னால் நிற்பவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள் என்பதால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு சாதாரணமாகக் கைது செய்ய முடியாது. விதிவிலக்கு என்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் கொடுத்து மாஜிஸ்திரேட்டின் முன்அனுமதி வாங்க வேண்டும்.

முன்ஜாமீன் உத்தரவில் ஒரு வரியைக் கவனிக்காமல் விடுகிறார்கள். உத்தரவு கிடைத்து இத்தனை நாளுக்குள், பெரும்பாலும் 15 நாள், சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி ஜாமீன்தாரர்களை நிறுத்த வேண்டும் என்று அதில் இருக்கும். தவறினால் உத்தரவு காலாவதி. ஜாமீன்தாரர் இரண்டு பேர் கேட்பார்கள், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்றும் சில நேரம் சொல்வார்கள். போட்டோ, ஆதார், வீட்டு வரி ரசீது, சில கோர்ட்டுகளில் விஏஓ சான்றும் வேண்டும். முப்பது பேர் மேல் வழக்கு என்றால் ஜாமீன்தாரர் அறுபது பேர். இதை அன்று காலையில் தேடினால் கிடைக்காது. ஊரில் வீட்டு வரி தன் பெயரில் உள்ளவர்கள் யார் யார், வரி கட்டிய ரசீது நடப்பு வருடத்தையதா என்று போராட்டத்துக்கு முன்பே ஒரு கணக்கு எடுத்து வைக்கும் ஊர்கள் தப்பித்துக்கொள்கின்றன.

ஜாமீன் நிபந்தனையாக ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னால், வழக்கமாகக் காலை 10.30க்கு அங்கே இருக்க வேண்டும். அங்கே நோட்டு இல்லை, ரைட்டர் வெளியே போயிருக்கிறார், நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்புவது நடக்கும். அன்றைய கையெழுத்து விழவில்லை என்று பின்னால் ஜாமீனை ரத்து செய்ய மனு போடுவதும் நடக்கும். அப்படித் திருப்பி அனுப்பினால் ஸ்டேஷன் வாசலில் நின்று நேரத்தோடு ஒரு படம் எடுத்து, அன்றே வழக்கறிஞருக்கு அனுப்பி, அவர் மூலம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டபின், ஜாமீன் கொடுத்த அதே கோர்ட்டில் நிபந்தனைத் தளர்வு மனு போடலாம்.

வழக்கு தூங்கும் காலம்

எஃப்ஐஆருக்கும் சம்மனுக்கும் நடுவே உள்ள காலத்தில் நாமும் தூங்கக் கூடாது. இ-கோர்ட்ஸ் செயலியில் எஃப்ஐஆர் எண், நிலையம், வருடம் கொடுத்துத் தேடும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை ஒருவர் பார்த்தால் போதும். வழக்கு கோர்ட்டில் எண் ஆனவுடன் 16 எழுத்துள்ள சிஎன்ஆர் எண் கிடைக்கும். அதைச் சேமித்து வைத்தால் அடுத்த வாய்தா தேதி தானாகத் தெரியும். சம்மன் கைக்கு வராமலேயே, "விலாசத்தில் ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பி, பிடிவாரண்ட் வரை போன வழக்குகள் உண்டு. இந்தச் சின்னப் பழக்கம் அதைத் தடுக்கும்.

எஃப்ஐஆரை ரத்து செய்ய சென்னை உயர் நீதிமன்றம் போகலாமா என்ற கேள்வி இந்தக் கட்டத்தில் வரும். பழைய 482, இப்போது 528. இதில் அவசரப்பட வேண்டாம். வெறும் 143, 188, 341 என்றால் ரத்தாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. ஒரே வழக்கில் உள்ளவர்கள் சேர்ந்தே மனு போட்டால் செலவும் குறையும். ஆனால் கல் எறிந்தார்கள், போலீஸைத் தள்ளினார்கள் என்று எழுதியிருந்தால், அது உண்மையா பொய்யா என்பதை விசாரணையில் பாருங்கள் என்று நீதிமன்றம் சொல்லும். அதோடு, இத்தனை வாரத்துக்குள் இறுதி அறிக்கை தாக்கல் செய் என்று போலீஸுக்கு உத்தரவும் போகும். தூங்கிக்கொண்டிருந்த வழக்கை நாமே தட்டி எழுப்பியது போல ஆகிவிடும். காலவரம்பு முடிந்தபின், இறுதி அறிக்கை இன்னும் போகவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அந்த ஒரு காரணத்தை முன்வைத்துப் போவது பல வழக்குகளில் நல்ல வழி. எதுவாக இருந்தாலும் எல்லாப் பிரிவையும் பார்த்த பிறகே முடிவு.

சம்மன் வந்த நாள்

முதல் வாய்தாவுக்கு வக்காலத்து, ஆதார் நகல், சம்மன் மூன்றும் போதும். தனி வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம்.

முதல் வாய்தாவில் கோர்ட்டில்தான் அந்தப் பேச்சும் வரும். "எதுக்கு அலையறீங்க, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போங்க, இன்னைக்கே முடிஞ்சிரும்." சொல்பவர் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. கோர்ட் டூட்டி போலீஸுக்கு ஒரு வழக்கு முடியும், சில வழக்கறிஞர்களுக்கும் அது சுலபம். கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் சம்பளத்தை விட ஃபைன் குறைவாகக் கூட இருக்கும். ஆனால் ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. நீங்கள் குற்றவாளி என்று கோர்ட் எழுதி வைத்துவிட்டது. அடுத்த போராட்டத்தில் வழக்கு வரும்போது "ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்" என்று எழுதுவார்கள். பாஸ்போர்ட்டில், அரசு வேலைக்கான காவல் சரிபார்ப்பில், எங்கு கேட்டாலும் அது நிற்கும். அதை விட ஒன்று: ஏ7 ஒத்துக்கொண்டு போய்விட்டால், சம்பவம் நடந்தது என்று அவர் ஒப்புக்கொண்டதாக ஊரில் பேச்சாகும், மிச்சம் உள்ளவர்களின் உறுதி குலையும். வயதானவர், நோயாளி, தாங்கவே முடியாதவர் என்றால் வேறு வழி இருக்கிறது. நேரில் வருவதில் இருந்து விலக்குக் கேட்டு மனு போடலாம், பழைய 205, இப்போது 228. ஃபைன் கட்டித் தப்பிக்கும் எண்ணத்தை வழக்கில் உள்ள எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசாமல் யாரும் தனியாக முடிவு செய்யக் கூடாது.

வழக்கு ஆவணங்களின் நகல் கொடுப்பது கோர்ட்டின் கடமை. புதிய சட்டப்படி ஆஜரான 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பெரிய பிரிவுகள் உள்ள வழக்கில் விசாரணைக்கு முன்பே வழக்கில் இருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போடுவதாக இருந்தால் நகல் கிடைத்த 60 நாளுக்குள் போட்டுவிட வேண்டும். பழைய சட்டத்தில் இந்தக் கெடு இல்லை, அந்த ஞாபகத்திலேயே இருந்து வாய்ப்பை இழக்க வேண்டாம். நகல் கட்டு கைக்கு வந்ததும் பக்கம் எண்ணிப் பாருங்கள். எஃப்ஐஆர், புகார், பார்வை மகஜர் (சம்பவ இடத்தைப் பார்த்து சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் குறிப்பு), மாதிரி வரைபடம், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ஆஸ்பத்திரிச் சான்று, வீடியோ இருந்தால் அதன் நகல், இறுதி அறிக்கை எல்லாம் இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தாலும் வாங்கியதாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.

பிறகு உட்கார்ந்து படிக்க வேண்டும். வழக்கறிஞருக்கு நூறு கட்டு இருக்கும், உங்களுக்கு இந்த ஒரு கட்டுதான். எஃப்ஐஆர் நகலில் மாஜிஸ்திரேட்டின் முத்திரையும் சுருக்கொப்பமும் நேரமும் இருக்கும். காலை 11 மணிச் சம்பவத்துக்கு மறுநாள் சாயங்காலம் எஃப்ஐஆர் கோர்ட்டுக்கு வந்திருந்தால், நடுவில் என்ன எழுதினார்கள் என்ற கேள்வி அங்கே பிறக்கிறது. வாக்குமூலங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். ஐந்து காவலர்கள் ஒரே வாக்கியத்தைக் கமா மாறாமல் சொல்லியிருப்பார்கள். யார் என்ன செய்தார் என்று தனித்தனியாக இருக்காது, "மேற்படி எதிரிகள் அனைவரும் கூடி" என்று மட்டும் இருக்கும். பஸ் மறிக்கப்பட்டது என்பார்கள், அந்த பஸ்ஸின் டிரைவர் கண்டக்டர் சாட்சிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். பார்வை மகஜரில் கையெழுத்துப் போட்ட இரண்டு பேர் எந்த ஊர் என்று பாருங்கள். வரைபடத்தில் டீக்கடையோ பள்ளிக்கூடமோ காட்டப்பட்டிருந்தால் அங்கே இருந்தவர்களை ஏன் விசாரிக்கவில்லை என்று கேட்கலாம். அந்த இடத்தில் வளர்ந்தவர் கண்ணுக்குத்தான் வரைபடத்தில் ரோடு தெற்கு வடக்காக இருப்பதற்குப் பதில் கிழக்கு மேற்காக வரைந்திருப்பது தெரியும். இதையெல்லாம் ஒரு தாளில் பக்க எண்ணோடு எழுதி வழக்கறிஞரிடம் கொடுங்கள். குறுக்கு விசாரணையின் பாதி வேலை அதுதான்.

வழக்கு ஏன் இழுக்கிறது

இழுப்பது போலீஸ் மட்டும் இல்லை. நாற்பது பேர் வழக்கில் ஒரு வாய்தாவுக்கு நாற்பது பேரும் வந்து நின்றால்தான் அடுத்த கட்டம் நகரும். ஓசூரில் ஷிப்ட் முடியவில்லை என்று ஒருவர், பெங்களூரில் கட்டட வேலை என்று ஒருவர், கேரளாவில் இருந்து பஸ் கிடைக்கவில்லை என்று ஒருவர் வராமல் இருந்துவிட்டால் அன்றைய வாய்தா வீண். இரண்டு முறை காரணம் சொல்லாமல் வராவிட்டால் பிடிவாரண்ட். அப்புறம் அவரைப் பிடித்து வரும் வரை மற்றவர்களுக்கும் வழக்கு நிற்கும். சார்ஜ் ஷீட் போன பிறகும் வழக்கு வருடக்கணக்கில் கிடப்பதற்கு இது பெரிய காரணம். மாஜிஸ்திரேட் மாறுதல், சாட்சியான எஸ்ஐ வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவது எல்லாம் நம் கையில் இல்லை. இது நம் கையில் இருக்கிறது.

ஊருக்கு ஒருவர் வாய்தாப் பொறுப்பாளராக வேண்டும். ஒரு நோட்டில் தேதி, வந்தவர், வராதவர், காரணம், கோர்ட்டில் அன்று நடந்தது, அடுத்த தேதி. வாய்தாவுக்கு ஒரு வாரம் முன்பும் முந்தைய நாள் இரவும் எல்லோருக்கும் போன். வர முடியாதவர் முந்தைய நாளே சொல்லிவிட்டால் வழக்கறிஞர் அன்றைக்கு மட்டும் விலக்குக் கேட்டு மனு போடுவார், பழைய 317, இப்போது 355. காரணத்துக்கு ஒரு தாள் இருந்தால் நல்லது. வாரண்ட் விழுந்துவிட்டால் ஒளியக் கூடாது, அடுத்த வேலை நாளிலேயே வழக்கறிஞரோடு நேரில் போய் வாரண்டைத் திரும்பப் பெறக் கேட்கும் ரீகால் மனு போட்டால் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். மாதங்கள் கடந்து போனால் ரிமாண்ட் வரை போகலாம். உண்மையிலேயே ஆள் கிடைக்கவில்லை என்றால், அவருடைய வழக்கைப் பிரித்துத் தனி எண் கொடுக்கச் சொல்லி மற்றவர்கள் மனு போட வேண்டும். பொது நிதி இருந்தால் முதலில் பஸ் காசும் அன்றைய கூலியில் ஒரு பங்கும் கொடுங்கள். வழக்கறிஞர் ஃபீஸை விட இதுதான் ஆட்களை வழக்கில் நிறுத்திவைக்கும்.

நீண்ட வழக்கு இந்த மண்ணுக்குப் புதிதில்லை. அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள வாச்சாத்தியில் 1992 ஜூன் 20இல் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறையினர் மலைவாழ் மக்கள் மேல் நடத்திய கொடுமைக்கு, தர்மபுரி நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2011 செப்டம்பர் 29இல். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தார்கள், மிச்சம் 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023இல். அந்த மக்கள் புகார் சொல்லும் தரப்பு ஆவதற்கு முன்னால், சந்தனக் கட்டை கடத்தியவர்கள் என்று ஜெயிலில் அடைக்கப்பட்டவர்கள். அத்தனை வருடம் சாட்சிகள் கலையாமல் நின்றது, மலைவாழ் மக்கள் சங்கம் வழக்கை விடாமல் பிடித்தது, ஒவ்வொரு விவரமும் எழுத்தில் இருந்தது. ஒரு மறியல் வழக்கு அதன் பக்கத்தில் சிறியதுதான், ஆனால் தேவைப்படும் ஒழுங்கு அதே ஒழுங்கு.

வழக்கோடு வழக்காக, கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் முன் ஆஜராகச் சொல்லி 107 நோட்டீஸும் வரும். இப்போது 126. ஒரு வருடம் அமைதி காப்பேன் என்று பிணைமுறி எழுதித் தரச் சொல்வார்கள். போன இடத்தில் நீட்டிய தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எந்தத் தகவலின் பேரில் என்ற உத்தரவின் நகலைக் கேளுங்கள், பதில் எழுத அவகாசம் கேளுங்கள். விசாரணை 6 மாதத்துக்குள் முடியாவிட்டால் அந்த நடவடிக்கையே முடிந்துவிடும். எழுதிக் கொடுத்துவிட்டால் அடுத்து வரும் சின்ன எஃப்ஐஆர் கூட பிணைமுறியை மீறியது என்று பேசப்படும்.

சாட்சி விசாரணைக்கு உங்கள் பக்கம் வீடியோ இருந்தால், எடுத்த போனையே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகல் சுருங்கியிருக்கும், எடுத்த நேரத் தகவலும் போயிருக்கும். 2024 ஜூலைக்குப் பின் மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய சட்டம் 63(4)இன் கீழ் இரண்டு பகுதி உள்ள சான்றிதழ் வேண்டும், அதில் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். ஸ்டேஷனில் அடித்தார்கள் என்றால் அங்குள்ள சிசிடிவி பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனே எஸ்பிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு கொடுங்கள். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பதிவுகளை 18 மாதம், குறைந்தது 1 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. கடைசியில் கோர்ட் உங்களை நேரடியாகக் கேள்வி கேட்கும் கட்டம் வரும், பழைய 313, இப்போது 351. எல்லாவற்றுக்கும் "பொய்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எதற்காகக் கூடினோம், மனு எத்தனை முறை கொடுத்தோம், அன்று என்ன நடந்தது என்பதை எழுத்து மூலமும் தாக்கல் செய்யலாம். நீங்கள் நேரடியாகப் பேச வாய்ப்பு கிடைக்கும் இடம் அது, விட்டுவிடாதீர்கள்.

அரசு வழக்கை வாபஸ் வாங்கிவிட்டது என்று செய்தி வந்தால் நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள். எட்டுவழிச் சாலை எதிர்ப்பு, குடியுரிமைச் சட்ட எதிர்ப்பு உட்பட பல போராட்ட வழக்குகளை வாபஸ் வாங்குவதாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அறிவிப்பு வந்தாலும், அந்தந்தக் கோர்ட்டில் அரசு வழக்கறிஞர் மனு போட்டு, நீதிபதி சம்மதித்தால்தான் வழக்கு முடியும். முன்னாள் எம்எல்ஏ யாராவது உங்களோடு குற்றம் சாட்டப்பட்டிருந்தால் உயர் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். இ-கோர்ட்ஸில் வழக்கு முடிந்ததாகக் காட்டும் வரை வாய்தாவுக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

வழக்கு நிலுவையில் இருக்கும்போது பாஸ்போர்ட் வேண்டும் என்றால் வழக்கு நடக்கும் கோர்ட்டில் அனுமதி மனு போட்டு உத்தரவு வாங்கலாம், கிடைக்கிறது. விண்ணப்பத்தில் மறைப்பதுதான் ஆபத்து. போலீஸ் வேலைக்குத் தயாராகும் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அந்தத் தேர்வு விதிகளில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை ஆனவரையும், புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறியதால் விடுதலை ஆனவரையும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவார்கள். அவர்களை மண்டபப் பட்டியலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்களின் பொறுப்பு.

அதனால் தீர்ப்பு வந்தவுடன் "விடுதலை" என்ற சொல்லோடு திருப்திப்படாமல், எந்த வார்த்தையில் விடுதலை என்று படிக்க வேண்டும். குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்றிருக்கிறதா, சந்தேகத்தின் பலன் என்றிருக்கிறதா. இறுதி வாதத்திலேயே வழக்கறிஞர் இதைக் கேட்டு வாதாட வேண்டும், பிறகு மாற்றுவது கஷ்டம். சான்றிட்ட நகலுக்கு அன்றே மனு போட்டு, ஒருவருக்கு ஒன்று என்று வாங்குங்கள். ஒரு நகலை ஸ்டேஷனிலும் இன்னொன்றை எஸ்பி ஆபீசிலும் கொடுத்து, காவல்துறைக் கணினிப் பதிவில் விடுதலை என்று ஏற்றச் சொல்லி ஒப்புகை வாங்குங்கள். ரவுடி பட்டியலில் பெயர் ஏறியிருந்தால் அதை நீக்கவும் இதே நகலோடுதான் மனு. பறித்த போன், பைக் இன்னும் ஸ்டேஷனில் இருந்தால், தீர்ப்பின் கடைசிப் பத்தியில் சொத்துகள் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று வழக்கமாக இருக்கும். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, கைப்பற்றிய மகஜரின் நகலையும் ஐஎம்இஐ எண் உள்ள பில்லையும் எடுத்துக்கொண்டு போங்கள்.